மஞ்சள் துணிக்குள் ஒரு டெலிவிஷன்

சேலத்து மண்ணை நான் முதன்முதலில் மிதித்தது வெறுங்காலோடு. ரயிலிலிருந்து இறங்கும் அவசரத்தில் ஒரு செருப்பின் வார் அறுந்துபோனது. ஒற்றைச் செருப்போடு நடக்க வெட்கப்பட்டு இரண்டையும் தூணோரம் விட்டுவிட்டேன். தோளில் துணிப்பை. தலையில் மஞ்சள் துணி சுற்றிய மரப்பெட்டி. கப்பலிலும் ரயிலிலும் மடியை விட்டு இறக்காத பெட்டி அது. போர்ட்டரிடம் கொடுக்க மனம் வரவில்லை.

நான் சிங்கப்பூரில் பிறந்தவன். மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் வேலை. தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்புப் படித்தேன். நாற்பது வயதாகியும் நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்தப் பெட்டியைச் செய்ய வேண்டி வந்தது.

என் தங்கை தனத்தை வெண்ணந்தூரில், அப்பாவின் சொந்தத்தில் கட்டிக் கொடுத்தோம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுதான் சிங்கப்பூருக்கு டெலிவிஷன் வந்தது. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டிலும் கிடையாது. சமூக மன்றத்துத் தகரக் கொட்டகையில் உயரமான முக்காலி மேல் ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு மரக்கதவுகள், ஒரு பூட்டு. சாயங்காலம் மன்றத்துக்காரர் சாவியோடு வருவதற்குள் சீனர், மலாய்க்காரர், தமிழர், சீக்கியர் எல்லாரும் பெஞ்சில் இடம் பிடித்துவிடுவார்கள். தனம் என் தோளில். செய்தி வாசிக்கும் பெண் தன்னைப் பார்ப்பாள் என்று நம்பி, தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள்.

இதைப் புகுந்த வீட்டில் சொல்லியிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. சினிமாக் கொட்டகை அவர்களுக்குத் தெரியும். மெட்ராசுக்கு டெலிவிஷன் வந்த செய்தியும் டீக்கடை வரை வந்திருந்தது. "மெட்ராசுக்கே நேத்துத்தான் வந்துச்சாம், நீ பாவாடை கட்டுற வயசுல எப்புடிப் பாத்த?" என்று கேட்டிருக்கிறார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பொய்க்காரி என்ற பெயர் விழுந்த பிறகு அவள் சொல்லும் எந்தச் சொல்லும் அந்த வீட்டில் எடுபடுவதில்லை. "நீ போயி நாலு பேர் முன்னால உண்மையைச் சொல்லிட்டு வாடா" என்றாள் அம்மா. நாலு பேர் முன்னால் நான் பேசுவதாவது.

ஆகவே பட்டறையில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளில் அந்தக் கொட்டகையை அப்படியே சிறிதாகச் செய்தேன். விரல் உயரத்தில் ஆட்கள். முடி வெட்டும் சீனக் கிழவர், குச்சியில் கறி கோத்துச் சத்தே சுடும் மலாய்க்காரர், கயிற்றுக் கட்டிலில் சீக்கியக் காவல்காரர், வெற்றிலை மெல்லும் எங்கள் அம்மா, என் தோளில் தனம். நடுவில் சீட்டுக்கட்டு அகலத்துக்கு டெலிவிஷன். உள்ளே டார்ச் பல்பு. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் நூல்கண்டுக் கட்டைகளில் சுற்றிய காகிதச் சுருள் ஓடும், அதில் நான் வரைந்த படங்கள் திரையில் மாறும். எல்லாவற்றுக்கும் வெளியே, மன்றத்து டெலிவிஷனுக்கு இருந்ததுபோலவே இரண்டு மரக்கதவுகள் வைத்த பெட்டி. பல்புச் சூடு போக மேல் பலகையில் நீளமாக ஒரு வாய் வெட்டினேன். கண் பட்டுவிடும் என்று அம்மா மஞ்சள் துணி சுற்றிக் கட்டினாள்.

ஸ்டேஷன் இருக்கும் சூரமங்கலத்தில் பல் விளக்கிவிட்டு ஒரு இட்லிக் கடைக்குள் நுழைந்தேன். ரயில்வேக்காரர்கள் நிறையப் பேர் அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியைக் கீழே வைக்க இடம் தேடியதைப் பார்த்த கடைக்காரர், தன் கல்லாப் பெட்டியை நகர்த்தி மேசையைத் துடைத்துவிட்டார். நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, மிளகாய் அரைத்த சட்னி ஒன்று. அந்தக் காரத்தில் என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. சிங்கப்பூரில் நாங்கள் காரம் என்று சொல்வது வெறும் சிவப்பு நிறம்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். காசு நீட்டினால் வாங்க மறுத்துவிட்டார். "போயிட்டு வாங்க சாமி, நல்லா நடக்கும்" என்றார்.

டவுன் பஸ்ஸிலும் அப்படியே. எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு ஆள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளிநாட்டு உறவினரை இந்த ஊரில் இப்படித்தான் மதிப்பார்கள் போலிருக்கிறது என்று நெஞ்சு பூரித்து உட்கார்ந்திருந்தேன். அப்பா ஏன் சாகும்வரை ஊர் ஊர் என்று புலம்பினார் என்பது புரிந்ததுபோல் இருந்தது.

வெண்ணந்தூர் போகும் பஸ்ஸில்தான் உண்மை தெரிந்தது. பக்கத்தில் கூடையில் இரண்டு கோழிகளோடு ஒரு அம்மாள். கோழி என்னைப் பார்ப்பதும், அவர் பெட்டியைப் பார்ப்பதுமாகக் கொஞ்ச தூரம் போனது.

"எந்தூரு நோம்பிக்குங்க சாமி?" என்றார்.

நோம்பி என்றால் திருவிழா என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். "வெண்ணந்தூர்" என்று மட்டும் சொன்னேன்.

"காலுல செருப்பில்ல, வாயும் பேசறதில்ல. கடுமையான வேண்டுதலாட்ட இருக்குது" என்று அவர் பின் சீட்டுக்குச் சொன்னார். பின் சீட்டு அதற்குப் பின் சீட்டுக்குச் சொன்னது. இந்தப் பக்கத்தில் சாமியின் துணிமணி, ஆயுதங்களை மரப்பெட்டியில் வைத்துத் தலைச்சுமையாக நோம்பிக்கு எடுத்துப் போவார்களாம். மஞ்சள் துணி, வெறுங்கால், வாய் திறக்காத ஆள். நான் வேறு யாராக இருக்க முடியும்?

கோழிக்கார அம்மாள் துணியின் முடிச்சை விலக்கிப் பார்த்தார். "உண்டியலுக்கு வாயும் உட்டிருக்குது பாருங்க" என்றபடி முந்தானையை அவிழ்த்து ஒரு காசை எடுத்து அந்த வாயில் போட்டார். உள்ளே எங்கோ டங்கென்று விழுந்தது.

"வேண்டாங்க" என்றேன்.

"அவரு அப்புடித்தான் சொல்லுவாரு. நீங்க போடுங்க" என்றார் கண்டக்டர். தானும் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, "இந்த வண்டி இன்னைக்காச்சும் ஊடு போயிச் சேரோணும்" என்று கும்பிட்டார். பஸ் முழுக்க எழுந்து வந்தது. இது சாமி இல்லை, டெலிவிஷன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கிருந்து சொல்வது?

கண்டக்டரின் வேண்டுதல் பலிக்கவில்லை. ஆட்டையாம்பட்டியில் வண்டி நின்றபோது கை முறுக்கு வாங்கினேன். வாயில் வைத்தால் வெண்ணெய்போல் கரைகிறது. அதைத் தின்று முடிப்பதற்குள் டயர் வெடித்துவிட்டது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. எல்லாரும் புளியமரத்தடியில் இறங்கி நின்றோம். எதிரே பெரிய களத்தில் ஜவ்வரிசி காயப் போட்டிருந்தார்கள். வெயிலில் கண் கூசியது. சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றே வளர்ந்தவன் நான். அதைப் பார்த்தாலே ஓடுவேன். அதே கிழங்கு இங்கே முத்துமுத்தாக மாறி வெள்ளை விரிப்பாகக் கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் ஊரில் தினமும் மழை. இங்கே வானம் இவ்வளவு பெரியதாக இருந்தும் ஒரு துண்டு மேகம் இல்லை.

நாமக்கல் லாரி ஒன்று தானாகவே நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, "சாமியை நடுரோட்டுல நிக்க உடலாமாய்யா?" என்று கண்டக்டரைத் திட்டினார். பெட்டியைத் தன் சீட்டுக்கு மேலே, சாமி படங்களுக்கு நடுவில் வைத்து ஊதுபத்தி கொளுத்தினார். வழி முழுக்கத் தன் டயர் கதைகளையும் மாமனார் கதைகளையும் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டிலும் காற்று நிற்பதில்லையாம். இறங்கும்போது முன் டயரை ஒரு தடவை தொட்டுக் கொடுக்கச் சொன்னார். தொட்டேன். இவ்வளவு நடந்தும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். என் பெட்டி சிங்கப்பூர்ப் பட்டறையில் ஒரு மூலையில் கிடந்தது. இங்கே அது ஊர்வலம் போனது.

தனத்தின் வீடு ஊருக்கு வெளியே, தோட்டத்திலேயே. சாணிக் கையோடு ஓடி வந்தாள். கறுத்திருந்தாள், பேச்சே மாறியிருந்தது. "வாங்ணா, அம்மா சௌக்கியந்தானுங்ணா?" என்றாள். அவளை முந்திக்கொண்டு அவளுடைய மாமியார் பாவாயி அம்மாள் சொம்புத் தண்ணீரோடு வந்து என் காலில் ஊற்றினார்.

"சாமிப் பெட்டியோட வாரேன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா எதுக்கால வந்திருப்பமே சாமி" என்றார்.

"சாமி இல்லீங்க. தனத்துக்குத்தான்" என்றேன். அன்று அதுவரை நான் பேசியதில் நீளமான வாக்கியம் அதுதான்.

அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். தனம் துணியை அவிழ்த்தாள். இரண்டு மரக்கதவுகளைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தலை சீவிப் பவுடர் போட்டிருந்தாள். அவளே கதவைத் திறந்தாள்.

நான் பல்பைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். படம் அசையவில்லை. இன்னும் அழுத்திச் சுற்றினேன். உள்ளே ஜல் ஜல் என்றது.

அடுத்த வீட்டு நெசவாளர் ரங்கன் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, உங்கூரு டிவி சலங்கை கட்டிட்டு ஆடுமுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். பாவாயி அம்மாளும் சிரித்தார். "இதையத்தான் இத்தனை வருசமாச் சொல்லிட்டு இருந்தியா அம்மணி? பொம்மைப் பெட்டி. ஒறம்பரையா உங்கண்ணன் இதுக்குக் கடலைத் தாண்டி வந்திருக்குது." தனம் பால் கறக்க நேரமாகிவிட்டது என்று கட்டுத்தரைப் பக்கம் போய்விட்டாள்.

சற்று நேரம் கழித்து அவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "அத்தை, கெணத்து மோட்டாருல கருகல் நாத்தம் வருதுங்க."

"உன்ர டிவில சொன்னாங்களா?" என்றார் பாவாயி அம்மாள், அரிசி புடைத்தபடி. என் மாப்பிள்ளை, தனத்தின் புருஷன், கேட்டும் கேட்காததுபோல் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அம்மா எதற்கு என்னை அனுப்பினாள் என்பது அந்த ஒரு நிமிஷத்தில் முழுசாகப் புரிந்தது. நானே எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன்.

பெட்டியின் பின்பலகையைக் கழற்றினேன். காசு கொட்டியது. ஒரு நூல்கட்டை உடைந்து, காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. பாவாயி அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"இதாரு காசு?"

பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு முகம் மாறியது. "சிரிக்கிற விசயமில்ல சாமி. ஆத்தாளுக்குன்னு போட்ட காசு ஊட்டுக்குள்ள தங்கப்படாது. காசு வாங்குன பெட்டியும் ஒருக்கா ஆத்தா முன்னால போயி நிக்கோணும். நாளைக்கு வெளக்கு வெக்கற நேரத்துக்கு மாரியம்மன் கோயிலுக்குப் போலாம். ஊர்க்காரங்களையும் வரச் சொல்றேன்."

ஊர்க்காரர்களா! நான் கிழிந்த காகிதத்தைப் பொறுக்கத் தொடங்கினேன்.

மறுநாள் காலையில் சந்தகை செய்தார்கள். வெந்த அரிசி மாவை இரும்பு நாழியில் போட்டுப் பிழிகிறார்கள். சீனர் கடையில் விற்கும் மீகூன் என்ற அரிசிச் சேமியாவுக்கு அக்காவோ தங்கையோ என்று தோன்றியது. ஆனால் இதற்குத் தேங்காய்ப்பாலும் வெல்லமும். மூன்று தடவை போட்டுக்கொண்டேன். கிழிந்த காகிதத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். நேற்றுச் சிரித்த ரங்கனே வந்து உட்கார்ந்து, தறியில் நூல் சுற்றும் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து சீவி அளவாக்கிக் கொடுத்தார். "நான் சிரிச்சது டிவியப் பாத்துங்க, உங்களப் பாத்து இல்லீங்க" என்றார். கட்டை என்னுடையதைவிட நன்றாக ஓடியது.

வெயில் தாழ்ந்ததும் கோயில் முன்னால் கூட்டம். பூசாரி காசை உண்டியலில் போட்டுவிட்டு, "சாமி காரியம் முடிஞ்சுது. இனி உங்க காரியத்தப் பாருங்க" என்று நகர்ந்துகொண்டார். பெட்டியை ஒரு கட்டிலின் மேல் வைத்தோம். கதவைத் திறந்து பல்பைப் போட்டேன். கைப்பிடியைச் சுற்றினேன். செய்தி வாசிக்கும் பெண் வந்தாள், மல்யுத்தம் வந்தது, கப்பல் வந்தது. முன்வரிசை மூச்சை இழுத்தது.

பிறகு ஒருவர் சொன்னார். "அட, இது பயாஸ்கோப்புங்க. நோம்பிக்கு வருமே, பைசாவுக்கு ஒரு படம்."

"அதானுங்க. இதைப் பாத்துட்டுத்தான் அம்மணி டிவிங்குது" என்றார் இன்னொருவர்.

நான் பேச வேண்டிய நேரம் அதுதான். கப்பலில் படுத்தபடி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்த பேச்சு. ஐயா அம்மா எல்லாருக்கும் வணக்கம் என்று தொடங்கும். எழுந்து நின்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் தனம் தலை குனிந்து நின்றது தெரிந்தது.

என் திண்டாட்டத்தைப் பார்த்த பாவாயி அம்மாள் பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, பெட்டிக்குள் விரலை நீட்டினார். "இதாரு சாமி, கட்டிலுல தாடிக்காரரு?"

நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தனம் சொன்னாள். "காவக்காரருங்க. செய்தி ஆரம்பிச்சாத் தூங்கிருவாரு. முடிஞ்சதும் என்ன சொன்னாங்கன்னு எங்கிட்டத்தான் கேப்பாரு."

பாவாயி அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"இந்தக் கெழவரு?"

"முடி வெட்டற சீனருங்க. மல்லுக்கட்டு வந்தா எந்திரிச்சு நின்னு மறைப்பாரு. எல்லாரும் அவரு மேல வேர்க்கடலத் தொலிய எறிவோம்."

தலையாட்டினேன். கூட்டம் வழிவிட, அவள் முன்னால் வந்துவிட்டாள். குனிந்து உள்ளே பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏண்ணா, அம்மாவ எதுக்கு இங்க உக்கார வெச்சிருக்கீங்க? அம்மா கொட்டகைக் கதவோரந்தானே உக்காருவாங்க, வெத்தலை துப்ப. இங்க சத்தேக்காரர் பொண்டாட்டியல்ல இருக்கோணும்? அவங்க எங்க?"

அந்த மலாய்க்காரப் பெண்மணியை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். மாதக்கணக்கில் உளியோடு உட்கார்ந்தும் அவர் நினைவுக்கு வரவில்லை. "ஆமா, மறந்துட்டேன்" என்றேன். இது மட்டும் சத்தமாகவே வந்தது.

பாவாயி அம்மாள் நிமிர்ந்தார். பயாஸ்கோப்பு என்று சொன்ன ஆளைப் பார்த்து, "செஞ்ச ஆளே மறந்ததை இவ சொல்றா. பாக்காம சொல்ல முடியுமாய்யா?" என்றார்.

தனம் அம்மாவின் பொம்மையை மெல்லப் பெயர்த்துக் கதவோரம் வைத்தாள். என்னைச் சுற்றச் சொல்லிக் கண் காட்டினாள். செய்தி வாசிக்கும் பெண் திரையில் வந்து நின்றதும் முதுகை நிமிர்த்தி வணக்கம் சொன்னாள். தமிழில் ஒரு செய்தி. அப்புறம் மலாய். அப்புறம் சீனம். அப்புறம் இங்கிலீஷ். சின்ன வயதில் கேட்டதைக் குரல் ஏற்ற இறக்கம் மாறாமல் சொன்னாள். இந்தப் பேச்சைக் கேட்க ஆளில்லாத ஊரில் இத்தனை காலம் இவள் இதை எங்கே வைத்திருந்தாள்? யாருக்கும் புரியவில்லை, ஒருவரும் அசையவில்லை. சீனத்தில் அவள் மூக்கால் இழுத்த இடத்தில் மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார், பெருமையாக.

முடிந்ததும் ஒரே கேள்வி. அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு, பெட்டி எத்தனை எடை, கரண்டு போனால் என்ன ஆகும். கடைசி வரிசையில் தலைப்பாகை கட்டிய விவசாயி ஒருவர் எழுந்து எல்லாரையும் விடச் சத்தமாகக் கேட்டார். "ஏனுங்க, மழை பேஞ்சா அதுல படம் தெரியுமுங்களா?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். எங்கள் ஊரில்தான் தினமும் மழை. சாட்சி சொல்லக் கடல் தாண்டி வந்தவன் நான். சொல்லிவிடலாம் என்று துணிந்து எழுந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

"சித்தெ சும்மா இருங்க எல்லாரும்" என்றார் பாவாயி அம்மாள். "அவ சொல்லுவா."

நான் உட்கார்ந்துகொண்டேன்.